ப்ரோகிராம் சேஞ்ச் (மிடி கேபிள் வழியாகப் போய்க் கருவியின் ஒலியை மாற்றும் கட்டளை) அனுப்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

பழைய_ரேக்:
நேற்று ராத்திரி நடந்தது, இன்னும் ஆறவில்லை. ரோலண்ட் ஜேவி-1080 என்ற சின்தசைசர் பெட்டியில் ஒரு பேட் (நீண்டு பரவும் பின்னணி ஒலி) டோனை மூன்று மணி நேரம் உட்கார்ந்து செதுக்கியிருந்தேன், ஃபில்டர், எல்எஃப்ஓ (ஒலியை மெல்ல அலையவைப்பது) என்று ஒவ்வொன்றாக. சேவ் செய்யவில்லை, ஆமாம், தெரியும், திட்டாதீர்கள். போன மாதம் செய்த பாட்டின் டெம்போ என்ன என்று பார்க்க மட்டும் கம்ப்யூட்டரில் பழைய ப்ராஜெக்டைத் திறந்தேன். ப்ளே கூட அழுத்தவில்லை. பெட்டியின் திரையில் பேட்ச் பெயர் சட்டென்று மாறியது. அந்த டிராக்கில் நானே வைத்திருந்த ப்ரோகிராம் சேஞ்ச், திறந்த நொடியில் கிளம்பிப் போயிருக்கிறது, சேவ் செய்யாத ஒலி போயே போச்சு. அந்தப் பெயர் மாறிய கணத்தில் கை தானாக மவுஸை விட்டுவிட்டது. வேறு யாருக்காவது?

கருப்புக்கட்டை:
எனக்கு நடந்தது வேறு. செகண்ட்ஹேண்டில் அதே பெட்டிதான் வாங்கினேன். பிரீசெட் ஏ பேங்க்குக்கு (பேங்க் என்பது ஒலிகளின் தொகுப்பு) எம்எஸ்பி 81, எல்எஸ்பி 0 (பேங்க் எண்ணின் இரண்டு பகுதிகள்) என்று மேனுவலில் இருக்கிறது, சரி என்று மென்பொருளில் 81 போட்டேன். புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் லாரி ஹாரன். பாடகி வேறு பக்கத்தில் நிற்கிறார். அரை மணி நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். விஷயம் என்னவென்றால் மென்பொருள் 1லிருந்து எண்ணுகிறது, நான் 81 போட்டால் கம்பியில் போவது 80. இந்தப் பெட்டியில் 80 என்பது யூசர் பேங்க். முன்பு வைத்திருந்த புண்ணியவான் அங்கே ஹாரனைச் சேமித்து வைத்திருக்கிறார்! 82 போட்டதும் குழல் வந்தது.

எட்டாம்_பிட்:
பழைய_ரேக், ரோலண்டில் டோன் வேறு, பேட்ச் வேறு. ஒரு பேட்சுக்குள் நான்கு டோன். நீங்கள் செதுக்கியது பேட்ச்.

என் கதை சின்னது. பேங்க், ப்ரோகிராம் எல்லாம் ஒரே டிக்கில், அதாவது ஒரே நேரப் புள்ளியில், வைத்திருந்தேன். எடிட்டரில் எதையோ நகர்த்தியதில் வரிசை மாறி, ப்ரோகிராம் சேஞ்ச் முதலிலும் பேங்க் செலக்ட் (பேங்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) அதற்குப் பிறகும் போனது. முதல் முறை ப்ளே செய்தால் தப்பான பேங்க், இரண்டாவது முறை சரியாக வரும். பேய் என்றே நினைத்தேன்.

இனி எல்லாரும் கவனியுங்கள். சிசி 0 (பேங்க் எம்எஸ்பி), அப்புறம் சிசி 32 (எல்எஸ்பி), கடைசியில் ப்ரோகிராம் சேஞ்ச், இந்த வரிசைதான். பேங்க் செலக்ட் மட்டும் போனால் ஒன்றும் ஆகாது, ப்ரோகிராம் எண் வந்த பிறகுதான் பெட்டி மாறும். மூன்றும் சேர்ந்து 8 பைட், நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் சுமார் இரண்டரை மில்லிசெகண்ட். கம்பியில் தாமதம் அவ்வளவுதான், ஆனால் பெட்டி டோனை ஏற்றிக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆகவே முதல் நோட்டுக்கு ஒட்டி வைக்காமல் ஒரு பார் முன்னாலேயே வைத்துவிடுங்கள். ரீப்பர் மென்பொருளில் வேலை செய்பவர்கள் ரீபேங்க் ஃபைல் எழுதிக்கொண்டால் எண்ணுக்குப் பதில் பெயரே பட்டியலில் வரும், யாரும் 81, 82 என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கருப்புக்கட்டை:
நீங்களே இப்போது "டோனை ஏற்றிக்கொள்ள" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? நம்ம ஊரில் கீபோர்டு வாசிக்கிற எல்லாருக்கும் அது டோன்தான், விடுங்க சார்.

மேடை_ஓரம்:
ஸ்டுடியோவில் தனியாக மாட்டிக்கொள்வதெல்லாம் ஒரு கஷ்டமா? கல்யாண ரிசப்ஷன், மெல்லிசை. என் லேப்டாப்பிலிருந்து சீனியர் அண்ணனின் கீபோர்டுக்கு கேபிள், அதன் த்ரூவிலிருந்து (வந்த மிடியை அப்படியே வெளியே அனுப்பும் துளை) என் மாட்யூலுக்கு. மாட்யூல் சேனல் 3. அண்ணனின் கீபோர்டு ஆம்னியில் இருந்தது, அதாவது எந்தச் சேனலில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அடுத்த பாட்டுக்கு நான் முன்கூட்டியே ப்ரோகிராம் மாற்றினேன். அவர் அப்போதுதான் சரணத்துக்கு முந்தைய வயலின் பிட்டின் நடுவில் இருக்கிறார். வயலின் க்ளாவினெட் ஆனது. அவர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை, அந்தக் கடகட சத்தத்திலேயே கமகத்தோடு முழு பிட்டையும் முடித்தார், முடித்துவிட்டுத் தலையை மட்டும் மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பார்வை இன்னும் கனவில் வருகிறது.

எட்டாம்_பிட்:
அவர் கீபோர்டில் ரிசீவ் ப்ரோகிராம் சேஞ்சை ஆஃப் செய்திருக்கலாமே.

மேடை_ஓரம்:
அவர் கீபோர்டின் மெனுவில் கை வைக்கிற தைரியம் உங்களுக்கு இருந்தால் வாங்க, அடுத்த மாதம் கும்பகோணத்தில் கச்சேரி இருக்கிறது.

பழைய_ரேக்:
ப்ராஜெக்டைத் திறக்கும் முன் மிடி கேபிளைக் கழற்றி வைக்கிறேன் இப்போதெல்லாம். அந்தப் பேடை மறுபடி செய்து பார்த்தேன், கிட்டத்தட்ட வருகிறது, அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது, அது மட்டும் பிடிபடவில்லை. அப்புறம் அந்த டெம்போ 92.