குவாரி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஊரே வரைபடம் போட்டுக் கொடுத்தால் எடுபடுமா?

வேலிக்கல்:
இராயக்கோட்டைக்கு மேற்கே எங்க ஊர்ப் பக்கம் கல்குவாரிக்கு 30 நாள் நோட்டீஸ் வந்திருக்கு. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைப் படத்தில் எங்க கிணறுகளும் இல்லை, ஏரிக்கு வர்ற ஓடையும் இல்லை. நாங்களே குறித்துக் கொடுக்கலாம்னு இருக்கோம். கூகுள் மேப்பில் பின் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமா? ஆண்ட்ராய்டு போன் ஆறு, லேப்டாப் ஒன்று இருக்கு. பாதி இடத்தில் சிக்னல் கிடையாது.

புலப்படம்44:
ஸ்கிரீன்ஷாட் வேண்டாங்க. சர்வே எண் இல்லாத புள்ளியை யாரும் சரிபார்க்க முடியாது, அதனால் சுலபமா ஒதுக்கிடுவாங்க. போனில் கோபோகலெக்ட் (களத்தில் படிவம் நிரப்பும் செயலி) போடுங்க, சிக்னல் இல்லாமலே ஓடும். படிவத்தில் வகை (கிணறு, போர்வெல், வீடு, கோயில்), உட்பிரிவோடு சர்வே எண், ஆழம், இப்போதைய தண்ணீர் மட்டம், போட்டோ. பெயர், போன் நம்பர் கேட்காதீங்க.

ஆறு போனும் 1-ல் ஆரம்பித்தால் ஆறு "கிணறு 1" வந்து நிற்கும். போனுக்கு ஓர் எழுத்து கொடுங்க: க-1, ச-1. மாந்தோப்புக்குள்ளும் பாறை ஓரத்திலும் ஜிபிஎஸ் தடுமாறும். துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை நின்று சேமிக்கணும். ஓடையைப் புள்ளியா வைக்காதீங்க, கரையோடு நடந்து கோடா எடுங்க.

அடுத்தது குத்தகை எல்லை. சுரங்கத் திட்டத்தில் எல்லைத்தூண்களின் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) பாகை, கலை, விகலையில் இருக்கும். 12° 30′ 36″ என்பது தசமத்தில் 12.51. அதை 12.3036 என்று அடித்தால் குவாரி ஏறக்குறைய 23 கி.மீ. தெற்கே போய் உட்காரும். எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும்.

லேப்டாப்பில் கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) வைத்து குத்தகை எல்லையைச் சுற்றி 300 மீட்டர் வளையம் போடும்போது, லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) பாகையில் அளக்கும் டபிள்யூஜிஎஸ் 84-லேயே இருந்தால் 300 பாகைக்கு வளையம் போட்டுவிடும். முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம்-க்கு மாற்றுங்க. யூடிஎம் மண்டலங்களைப் பிரிக்கும் 78° தீர்க்கரேகை உங்க பக்கமாத்தான் போகுது: ஓசூர், தேன்கனிக்கோட்டை மண்டலம் 43, கிருஷ்ணகிரி நகரம் 44. ஊர் இரண்டிலும் விழுந்தால் ஒன்றை மட்டும் எடுத்து எல்லா லேயருக்கும் அதையே வைங்க. 300 மீட்டருக்கு வர்ற பிழை 30 செ.மீ. கூட இருக்காது.

வேலிக்கல்:
புலப்படத்தை (சர்வே எண்ணோட எல்லை வரைபடம்) செயற்கைக்கோள் படத்து மேல வைச்சுப் பார்த்தோம். வரப்பு எதுவும் பொருந்தலை.

புலப்படம்44:
வரப்பை நம்பி வைக்காதீங்க, வரப்பு நகரும். மூன்று சர்வே எண் சேர்ற இடத்துக் கல்லைத் தேடி, குறைந்தது நாலு கல்லில் ஜிபிஎஸ் எடுத்து அவற்றை வைத்துப் பொருத்துங்க. படத்தை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, ஒரே சீராக அளவு மாற்றும் ஹெல்மர்ட் முறை போதும். தின் பிளேட் ஸ்ப்ளைன் முறையைத் தொடாதீங்க. அது படத்தையே வளைத்துப் பிழை பூஜ்யம்னு காட்டும், பார்க்க அழகா இருக்கும், அளவு பொய்.

கேழ்வரகு:
படம் சரியா வந்தாலும் கூட்டத்தில் கோட்டைவிடுறது வேற இடத்தில். 1959 சிறுகனிம விதிகளில் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை கூடாதுன்னு இருக்கு. ஆனால் அங்கே குடியிருப்புன்னா வருவாய்க் கணக்கில் உள்ள நத்தம், அங்கீகாரம் பெற்ற மனை. தோட்டத்து வீட்டைக் காட்டி வாதாடினால் இழுபறிதான். வீடுகளை இரண்டு நிறத்தில் பிரிச்சுக் காட்டுங்க. பக்கத்துக் குவாரிகளையும் குறிங்க: எல்லைக்கு எல்லை 500 மீட்டருக்குள் இருந்தால் எல்லாக் குவாரியையும் ஒரே கொத்தாகச் சேர்த்துத் தாக்கத்தைப் பார்க்கணும்.

கூட்டத்துக்கு முன்னாடி ஊரில் ஒரு தடவை சரிபார்க்கணும். 6×4 அடி ஃப்ளெக்ஸில் 1:2500 அளவில் அடித்தால் 4.5 கி.மீ. அகலம், 3 கி.மீ. உயரம் அடங்கும். சுவரில் மாட்டாதீங்க. தரையில் விரித்து வடக்கைத் திசைக்கு ஒத்து வைங்க. முதலில் கோயில், ரேஷன் கடை, பால் சொசைட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அது பிடிபட்டதும் விடுபட்ட கிணறுகளை அவங்களே சொல்லிடுவாங்க. ஃப்ளெக்ஸில் பால்பாயின்ட் எழுதாது, பெர்மனென்ட் மார்க்கர் வாங்கிக்குங்க. யானை வர்ற தடத்தை அதிகாரிக்குத் தர்ற பிரதியில் மட்டும் போடுங்க, பொது லிங்க்கில் வேண்டாம்.

பேசும்போது "எங்க கிணறு" என்று சொல்லாமல் "வரைபடத்தில் க-14, இந்த சர்வே எண்" என்று சொல்லுங்க. படத்தையும் புள்ளிப் பட்டியலையும் எழுத்துமூல மனுவோடு முன்கூட்டியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. எழுப்பின ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருக்கணும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அன்றைக்கே தமிழில் படிச்சுக் காட்டணும். அதில் க-14 வருதான்னு கேட்டுவிட்டு எழுந்திருங்க.