துருவில் இறுகிப்போன டை ராட் எண்டைக் கழற்றுவது எப்படி?

கேள்வி:
எங்கள் வீடு நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. என்னுடைய 2006-ஆம் ஆண்டு மாருதி 800 காரின் இடப்பக்க டை ராட் எண்டில் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் மூட்டு) ஆட்டம் தெரிந்ததால், புதியதை வாங்கிவந்து நானே மாற்ற முனைந்தேன். நட் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. அந்தப் பின் நுழையும் பள்ளங்கள் கொண்ட காசில் நட் கழன்றுவிட்டது. ஆனால் மூட்டின் கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளையை விட்டு அசையவில்லை. ராடில் எண்டை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டும் திரும்பாமல், அதன் முனைகள் மழுங்கத் தொடங்கியுள்ளன. டபிள்யூடி-40 அடித்து இரண்டு நாட்கள் ஆகின்றன. தண்டை நேராகச் சுத்தியலால் அடிக்கலாமா?

மறுமொழி 1:
நேராக அடிக்க வேண்டாம், ஐயா. தண்டின் முனை மரை நசுங்கி விரிந்துவிட்டால், பிறகு அது துளை வழியே வெளியே வராது.

நீங்கள் கூம்பை இன்னும் பிரிக்காமல் இருப்பது ஒரு வகையில் நல்லதே. நக்கிள் பிடித்துக்கொண்டிருக்கும்வரை டை ராட் எண்ட் சுழலாது என்பதால், லாக் நட்டை முதலில் இளக்கிவிட்டுப் பிறகு கூம்புக்குச் செல்வதுதான் சரியான வரிசை. கூம்பைப் பிரித்தபின் லாக் நட்டோடு போராடினால், நட்டுடன் சேர்ந்து எல்லாமே சுழலும். மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை ஊடுருவும் எண்ணெயை இரவில் இட்டு, காலையில் மீண்டும் இடுங்கள். டபிள்யூடி-40-இன் வழக்கமான வகை ஈரத்தை விலக்கவே உருவாக்கப்பட்டது. ஆழ்ந்த துருவுக்கு அது போதாது. ரிங் ஸ்பேனர் அங்கே நுழையாது என்பதால், அளவு சரியாகப் பொருந்தும் ஓபன் ஸ்பேனரையே பயன்படுத்தி, ராடை வைஸ் கிரிப் இடுக்கியால் எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் முறுக்கு முழுவதும் ஸ்டியரிங் ராக்குக்குள் (ஸ்டியரிங்கின் திருப்பலை ராடுக்குக் கடத்தும் பகுதி) போகும்.

அடுத்து, காசில் நட்டை இரண்டு மூன்று மரை அளவுக்குத் திரும்பப் பொருத்திவிட்டு (கூம்பு திடீரென விடுபட்டாலும் ராட் கீழே விழாது), நக்கிளில் தண்டு நுழைந்திருக்கும் வளையத்தின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலை அண்டை கொடுங்கள். அடியின் அதிர்ச்சியில் துளை கணநேரம் நெளிந்து கூம்பின் பிடி விடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். புல்லர் (தண்டை அழுத்தி வெளியேற்றும் கருவி) இருந்தால் அதை இறுக்கிவைத்த நிலையில் வளையத்தை அடித்தால் இன்னும் எளிது. இடையில் அடித்துப் பிரிக்கும் கவட்டை வடிவ ஆப்பு மூட்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். நீங்கள் டை ராட் எண்டை எப்படியும் மாற்றுவதால் பாதகமில்லை.

இளக்குவதற்குச் சிலர் நெருப்பு வைக்கச் சொல்வார்கள். உள்ளே கிரீஸ் அடைபட்ட மூட்டுக்கும், அருகிலுள்ள ராக் உறைக்கும் அது ஆபத்து. எண்ணெய் தெளித்த இடத்தில் தீப்பிடிக்கவும் கூடும். லாக் நட் மசியவே இல்லையென்றால், ஹாக்ஸா பிளேடால் அதன் ஒரு பக்கத்தை மரையைத் தொடாமல் அறுத்து, உளியால் பிளந்துவிடுங்கள். லாக் நட்டின் விலை அற்பம். ராடின் மரை அப்படியல்ல.

கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய மரைகளில் ஒரு சுற்று பெரும்பாலும் 1.25 அல்லது 1.5 மி.மீ. நகர்த்தும் என்பதால், எண்ணிக்கை தவறினால் சக்கரத்தின் டோ கோணம் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) வெகுவாக மாறிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை நுழைக்காதீர்கள், ஸ்டாண்டு அவசியம்.

கேட்டவர்:
லாக் நட்டைப் பிளந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. கூம்பு நான்காவது அடியில் விடுபட்டது. பழையது 17 சுற்றில் கழன்றது; புதியதையும் 17 சுற்றே ஏற்றியுள்ளேன். மரையில் சிறிது காப்பர் கிரீஸ் தடவலாமா?

மறுமொழி 1:
ராடின் மரையில் தடவலாம். கூம்பில் மட்டும் ஒரு துளியும் படக்கூடாது. அது சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் பிடிக்கும். புதிய ஸ்பிளிட் பின்னை இட்டு, மெதுவாக ஓட்டிச் சென்று, வேறு எங்கும் போவதற்கு முன் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.