கிளியூர் அருவி: தண்ணி நிறம் மாறுன அந்த நிமிஷம்

ஒண்டிக்கடை:
ஏற்காட்டுல இருக்கிற கிளியூர் அருவிக்கு வழி எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். போன ஐப்பசியில மழை விட்டு வெயில் அடிச்ச ஒரு மதியம். அருவிக்குக் கீழே குட்டையில பத்துப் பேர் நிக்கிறாங்க. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி டீத்தண்ணி நிறத்துக்கு மாறுச்சு. பின்னாடியே சருகும் சில்வர் ஓக் இலையும் கொத்துக் கொத்தா மிதந்து வந்துச்சு. ஒருத்தரும் கண்டுக்கல, செல்ஃபி ஓடுது. கணுக்கால்ல இருந்த தண்ணி முட்டிக்கு ஏறின பிறகுதான் அலறல்.

ஏற்காடு ஏரி வழிஞ்சு வர்ற தண்ணிதான் இந்த அருவி. ஏரி குறைஞ்சு கிடக்கிற வரைக்கும் பெய்யுற மழைய அது வாங்கி வெச்சுக்கும். விளிம்பு தொட்டுட்டா, அடுத்து பெய்யுறது அப்படியே பள்ளத்துல இறங்கிடும். அதனால தலைக்கு மேல வானத்தப் பாத்துப் பிரயோஜனம் இல்லை. ஏரி வழியுதான்னு பாத்துட்டு இறங்குங்க.

அம்மாபேட்டை:
இதே ஏரி கணக்குத்தான் மே மாசத்துல தலைகீழா வேலை செய்யும். கோடை விழாவுக்கு வர்ற கூட்டம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மூச்சு வாங்கக் கீழே இறங்கிப் பாத்தா 300 அடிக்குக் காஞ்ச பாறை. ஒரு அம்மா "தண்ணி எப்பங்க திறந்து விடுவாங்க?"ன்னு கேட்டாங்க.

நாகலூர் காபி:
ஒண்டிக்கடை அண்ணன் சொன்னதுல பாதிதான் சரி. ஏரி மட்டும் இல்லீங்க, ஏரிக்கும் அருவிக்கும் நடுவுல ரெண்டு பக்கச் சரிவுல இருந்தும் மழைத்தண்ணி ஓடையில சேருது. ஏரி வழியாத நாள்லயும் தண்ணி ஏறும். நிறம் மாறுற வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. அதுக்கு முன்னாடியே சத்தம் மாறும். சலசலப்பு போய் அடித்தொண்டையில உறுமுற மாதிரி வரும். ஒரு தடவை ஒரு சின்னப் பையன் காதைப் பொத்துனதைப் பாத்துத்தான் பெரியவங்களே திரும்பிப் பாத்தாங்க.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். முட்டிக்கு மேல வேகமா ஓடுற தண்ணியைக் கடக்கவே கடக்காதீங்க. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. மழை விட்டு தண்ணி வடியற வரைக்கும் மேட்டுல ஏறி உக்காந்துடுங்க. முட்டிக்குக் கீழே இருந்து, கடந்தே ஆகணும்னா: பையோட இடுப்புப் பட்டைய அவுத்துடுங்க, விழுந்தா பை உங்களை அமுக்கக் கூடாது. தண்ணி வர்ற திசையைப் பாத்து நில்லுங்க. தோள் உயரக் கம்பை முன்னாடி ஊனி, நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒவ்வொரு அடியா. கம்பு, ரெண்டு கால், இந்த மூணுல ரெண்டு எப்பவும் தரையில இருக்கணும். அருவி விழற முகப்புக்கு மேல எங்கேயும் கடக்கக் கூடாது, தண்ணி கணுக்கால் அளவே இருந்தாலும்.

செவ்வாய்பேட்டை:
தண்ணி கிடக்கட்டும், ரத்தம் குடிக்கிற அட்டையை விட்டுட்டீங்களே. பாறையில உக்காந்து சாக்ஸைக் கழட்டின ஒரு பொண்ணு, கணுக்கால்ல திராட்சைப் பழம் மாதிரி தொங்குறதப் பாத்து போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. உப்பு போடு, நெருப்பு வைன்னு ஆளாளுக்குக் கத்துனாங்க. ரெண்டும் வேண்டாம். சுட்டா, உப்பு போட்டா, அது குடிச்சதைக் கடிவாயிலேயே கக்கும், புண் பழுக்கலாம். ஒல்லியா இருக்கிற முனைதான் வாய். அங்கே நகத்தைப் படுக்க வெச்சு பக்கவாட்டுல தள்ளுனா விட்டுடும். அப்புறம் தடிச்ச முனையையும் அதே மாதிரி தள்ளுங்க. அட்டையோட எச்சில் ரத்தத்தை உறைய விடாது, ரொம்ப நேரம் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, போதும்.

நாகலூர் காபி:
உப்பைக் கடிச்ச அட்டை மேல போட வேண்டாம், சரி. ஆனா உப்பைத் துணியில சின்ன மூட்டையா கட்டி, ஈரமாக்கி ஷூ மேல தேய்ச்சுட்டுப் போறது எங்க பக்கம் காலம்காலமா நடக்குது. கடிக்கறதுக்கு முன்னாடி அது வேலை செய்யும். மழையில கரைஞ்சுடும், திரும்பத் தேய்க்கணும். அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி:
அட்டை கடிச்சு யாரையும் டோலி கட்டி மேலே தூக்கிட்டு வரலீங்க. வழுக்கித்தான் வர்றாங்க. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட்ங்கிற வகை. கருப்பு, இரும்பு மாதிரி கெட்டி, தண்ணி தேய்ச்சுத் தேய்ச்சு மழமழன்னு ஆயிடும். அது மேல பாசி படிஞ்சா புது ஷூவும் நிக்காது. பழைய பருத்தி சாக்ஸை ஷூவுக்கு மேலே மாட்டுங்க, இல்லைன்னா கோணிச் சாக்குத் துண்டைச் சுத்திக் கட்டுங்க. பாக்க அசிங்கமா இருக்கும், பாசியைக் கவ்விப் பிடிக்கும். பச்சையா மினுக்கற கல்லை விட்டுட்டு, சொரசொரன்னு வெளுத்த கல்லுல கால் வைங்க.

கால் பிசகுன ஒருத்தரை ரெண்டு மூங்கில், ஒரு வேட்டியில கட்டி மேலே கொண்டு வந்ததைப் பாத்தேன். நாலு பேர் தூக்க, மாத்திப் பிடிக்க இன்னும் நாலு பேர். இறங்க ஆன நேரத்துக்கு மூணு பங்கு ஆச்சு. பள்ளத்துல சிக்னல் நிக்காது, 108க்குக் கூப்பிட ஒருத்தர் மேலே ஓடணும். மலை மறைக்கிறதால அஞ்சு மணிக்கெல்லாம் அங்கே மங்கிடும், நாலு மணிக்கு ஏற ஆரம்பிச்சுடுங்க.

அம்மாபேட்டை:
ஞாயித்துக்கிழமை ஏழு பேர் வர்றோம். ஏரி இப்ப எப்படிங்க இருக்கு?

ஒண்டிக்கடை:
காலைல பாத்தேன். வழிய இன்னும் ஒரு சாண் இருக்கு. மேகம் கட்டியிருக்கு.