போலீஸ் ஸ்டேஷனுக்குக் கேமரா: பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நியூஜெர்சித் தம்பியின் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாம் திரட்டும் தொகைக்குச் சமமாக அவருடைய கம்பெனி மானியம் தருமாம். அதை வைத்து நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு 16 கேமரா, அதில் இரண்டு நம்பர் பிளேட்டைப் படித்துப் பதிந்து வைக்கிற ரகம். "காசு சும்மா கிடைக்குது, விடக் கூடாது" என்று முடித்திருக்கிறார். எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வரிதான்.

கேமரா கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேரள எல்லையில் இருக்கும் புளியரை வழியாக ராத்திரி முழுக்க லாரி ஓடுகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் மேற்கே போகின்றன. திரும்பி வரும் வண்டிகளில் சில, குப்பையோடு வருகின்றன. 2024 டிசம்பரில் நெல்லைக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூரில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. எங்கள் சித்தப்பா வயல் வரப்பிலும் ஒருநாள் காலையில் ஊசியும் கையுறையும் கிடந்தன. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் போய்க் கேமரா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் நான் குடியிருக்கிற, அமெரிக்காவின் ஓக்லாந்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அங்கே துறைமுகப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மானியம் கொடுத்தது. ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம் டாலர். துறைமுகத்துக்கு என்று ஆரம்பித்தது கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் நுழைந்தது. தெருக் கேமரா, நம்பர் பிளேட் பதிவு எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவரும் திட்டமாக 2013-இல் வீங்கி நின்றது. அதிகாரிகளின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தபோது, அவற்றில் குற்றங்களைவிட ஆர்ப்பாட்டங்களைப் பற்றிய பேச்சுதான் அதிகம் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஜனங்கள் நகர மன்றத்தில் விடிய விடிய மைக் பிடித்தார்கள். 2014 மார்ச்சில் திட்டத்தைத் துறைமுகத்தோடு நிறுத்தினார்கள். இப்போது அந்த ஊர் போலீஸ் இந்த மாதிரிக் கருவி எதை வாங்கினாலும், முதலில் குடிமக்கள் குழு ஒன்று பார்த்து, நகர மன்றம் ஓட்டுப் போட்டாக வேண்டும். சியாட்டிலில் இதைவிட மோசம். போலீஸ் மானியப் பணத்தில் இரண்டு டிரோன் வாங்கியதே நகர மன்றத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. 2013-இல் மேயர் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

பர்மிங்காமில் இருக்கும் மதினிக்கு இன்னொன்று ஞாபகம் இருக்கலாம். 2010-இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் இரண்டு பகுதிகளில் 200-க்கு மேல் கேமரா வைத்தார்கள், அதில் 72 மறைத்து வைத்தவை. சில்லறைக் குற்றத்தைத் தடுக்க என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். முப்பது லட்சம் பவுண்டு, பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் அத்தனையையும் கழற்றினார்கள். நம் தெற்குத் தெருவிலும் பள்ளிவாசல் இருக்கிறது, மேலத் தெருவிலும் கோயில் இருக்கிறது. எந்தக் கம்பத்தில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதை யார் முடிவு செய்வார்கள்? தம்பி அனுப்பிய கொட்டேஷனில் கம்பத்துக்கு விலை போட்டிருக்கிறது, இதற்குப் பதில் இல்லை.

வரிப்பணமாக இருந்தால் பேரூராட்சியில் நாலு பேராவது கேள்வி கேட்பார்கள். மானியம் என்றால் யாருக்கும் கை கடிப்பதில்லை. அதனால் யாரும் வாயைத் திறப்பதும் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் என்று குறைவாக வைத்தாலும் நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். பதினாறுக்கு 345 ஜிபி. கொட்டேஷனில் இருப்பது 4 டிபி ஹார்டு டிஸ்க். பன்னிரண்டாவது நாளே, முதல் நாள் காட்சி அழியத் தொடங்கிவிடும். சித்தப்பா புகார் கொடுத்து, அது விசாரணைக்கு வருவதற்குள் என்ன மிச்சம் இருக்கும்? சாத்தான்குளம் நமக்குத் தூரமில்லை. 2020 ஜூனில் தகப்பனும் மகனும் அடிபட்டு, பிறகு செத்துப்போனார்களே, அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது, 1 டிபி டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே எழுதினார். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி சந்தையில் கிடைக்காவிட்டால் ஒரு வருஷமாவது வேண்டும் என்றது. நாம் ரோட்டைப் பார்க்கும் கேமராவுக்கு வசூல் பண்ணுகிறோம். ஸ்டேஷனுக்கு உள்ளே பார்க்கும் கேமரா ஓடுகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் சங்கம் பஸ் ஸ்டாப்பில் நாலு கேமரா மாட்டியதே, அதன் கதி என்ன? சாரல் காலத்தில் ஒன்றின் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. இன்னொன்றின் கேபிளைக் குரங்கு கடித்தது. மூன்றாவது, யாரோ கட்டிய ஃபிளெக்ஸ் பேனரின் முதுகை வருஷக்கணக்காகக் காவல் காக்கிறது. நாலாவதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. மானியம் வாங்கித் தரும், ரிப்பேருக்கு வராது.

இது போக ஒரு சட்டச் சிக்கல். மஸ்கட், துபாய்க்காரர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு சொந்தச் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. என்னை மாதிரி பாஸ்போர்ட் மாற்றிக்கொண்டவன் கொடுப்பதும், தம்பியின் கம்பெனி கொடுப்பதும் சேரும். அதை வாங்க ஊர் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றவும் முடியாது. அரசு ஊழியர் வாங்கக் கூடாது என்பது அதற்கு முன்பே இருக்கிற விதி. நம் அறக்கட்டளைக்கு இரண்டும் இல்லை. ஆக, தம்பி நினைக்கிற வழியில் அந்த மானியம் ஊர் போய்ச் சேராது.

என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். நம்பர் பிளேட் கேமரா இரண்டும் வேண்டாம். தினமும் தென்காசிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், புனலூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் எத்தனை மணிக்குக் கடந்தார்கள் என்ற ஜாப்தா நம் காசில் எழுதப்பட வேண்டியதில்லை. குப்பை கொட்டுகிற ஓடைக்கரை மூன்றிலும் இடத்துக்கு ஒன்றாக மூன்று கேமரா போதும். அதுவும் சம்பளப் பணத்தில், பேரூராட்சித் தீர்மானத்தோடு. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் காட்டுவார்கள், பழுதானால் யார் செலவு என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதட்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் என் பங்கு, மன்னிக்கவும், என் பெயரில் இல்லை, ஊரில் இருக்கும் தங்கச்சி பெயரில், அவளே அவள் காசில் தருகிறேன் என்கிறாள்.

மஸ்கட் அண்ணாச்சி சாரலுக்கு ஊர் போகிறார் என்று கேள்வி. பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்ட கையோடு பேரூராட்சி ஆபீசில் இதைக் கேட்டுவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும். அப்படியே அந்த நாலாவது கேமராவையும் பார்த்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி.