விண்டோஸை அழிக்கும் முன் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. என் பழைய மடிக்கணினி 11-ஐ ஏற்காது, அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் போகிறேன்.

படங்கள், ஆவணங்கள் எல்லாம் பென் டிரைவில் ஏறிவிட்டன. அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ மட்டும் அடம்பிடித்தது. 6 ஜிபி. பென் டிரைவில் இருந்த ஃபேட்32 என்ற வடிவமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாதாம்! எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள். பத்து வருட மின்னஞ்சல்கள் அதில்தான். அஞ்சல்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறை என்பதால் சர்வரில் பிரதி கிடையாது. விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் ரோமிங்குக்குள் ஒளிந்திருந்த தண்டர்பேர்டு ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தேன். மின்டில் அதை எங்கே வைக்க வேண்டும்? அப்புறம், எந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும் என்று தண்டர்பேர்டுக்குச் சொல்லும் புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ கோப்பையும் திருத்த வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். சனிக்கிழமை வரை எதையும் அழிக்க மாட்டேன்.