8.20-க்கு முதல் தலை சாய்கிறது: அகாடமிப் பையன்களை எப்படிப் படிக்க வைப்பது?

கணக்கு வாத்தியார்:

ஒரு கால்பந்து அகாடமி விடுதியில் பையன்களின் படிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து 5 மாதம் ஆகிறது. அதற்கு முன் 11 வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தேன். கோல்கீப்பர் தவிர யாரும் பந்தைக் கையால் தொடக் கூடாது என்பதற்கு மேல் எனக்கு இந்த ஆட்டம் தெரியாது.

26 பையன்கள், 13 முதல் 17 வயது வரை. காலை 6 மணிக்கு ஒரு பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் இன்னொரு பயிற்சி. குளித்துச் சாப்பிட்டு, இரவு 8 முதல் 9.30 வரை படிப்பு. 8.20-க்கு முதல் தலை சாய்கிறது. ஒன்பதுக்குள் பாதிப் பேர் நோட்டின் மேலேயே தூக்கம். எழுப்பினால் கோபப்படக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை.

நேற்று 15 வயது கோல்கீப்பர் ஒருவன் கேட்டான்: "சார், நான் புரொஃபஷனல் ஆகப்போறேன். இந்தச் சமன்பாடு எனக்கு எதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். "ஒருவேளை ஆகாவிட்டால்?" என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அவன் கோச்சோ "பையன் மனசைக் கலைச்சிடாதீங்க" என்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய லெஃப்ட் பேக்:

கேட்காமல் விட்டதே நல்லது சார். அந்தக் கேள்வியை என்னிடம் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் "இவருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை" என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

12 வயதில் சேர்ந்து 17-ல் வெளியே வந்தவன் நான். சீசன் முடிகிற வாரம் கூப்பிட்டார்கள். நாலு நிமிடப் பேச்சு, ஒரு கைகுலுக்கல். அன்று மதியமே ஷூவையும் ஷின் கார்டையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். நீக்கியதைக்கூட ஒரு வருடத்தில் ஏற்றுக்கொண்டேன். ஆனால் 5 வருடம் என் எடை, தூக்கம், ஓடும் வேகம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்களில் ஒருவர்கூட அதற்கப்புறம் போன் செய்யவில்லை. அது இன்னும் ஆறவில்லை. இங்கிலாந்து வீரர் டிரென்ட் அலெக்ஸாண்டர்-அர்னால்ட் 2023-ல் இப்படி வெளியே வரும் பையன்களுக்கு உதவவே 'ஆஃப்டர் அகாடமி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். செய்தியைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் உருப்படியாகப் படித்தது 16 வயதில் முழங்கால் லிகமென்ட் கிழிந்து எட்டு மாதம் உட்கார்ந்திருந்தபோதுதான். அதை வைத்துத்தான் இன்று பிழைப்பு ஓடுகிறது. காயம்பட்ட பையனை மைதான ஓரத்தில் உட்கார்த்தி மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வைப்பார்கள், அதைவிடக் கொடுமை கிடையாது. அவனை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐஸ் பை (பிசியோ):

13–18 வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. உங்கள் அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள், நீங்கள்தான் கணக்கு வாத்தியார். 9.30 வரை படிப்பு, காலை 6-க்கு மைதானத்தில் நிற்க 5.30-க்கு எழ வேண்டும். படுத்தவுடன் தூங்கினாலும் எட்டைத் தாண்டாது. முதலில் அந்த இரவு வகுப்பைத் தூக்குங்கள். பள்ளிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவில் 40 நிமிடம் கிடைத்தால் போதும். முடிந்தால் வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சி நேரங்களைப் படிப்புக்குக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மடமடவென்று உயரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வரும். ஆஸ்குட்-ஷ்லாட்டர், சீவர்ஸ் என்று பெயர்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது, கவனித்தால் சரியாகிவிடும். ஆனால் அணியில் இடம் போய்விடும் என்று பயந்து எங்களிடம் மறைப்பார்கள். அணியைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை என்பதால் உங்களிடம் சொல்வார்கள்.

அப்படியே 26 பேரின் பிறந்த மாதத்தையும் எழுதிப் பாருங்கள். வயதுப் பிரிவு தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள். வருடக் கடைசியில் பிறந்தவன் உடல் இன்னும் வளராத ஒரே காரணத்தால் திறமை குறைந்தவனாகத் தெரிவான்.

கோல்கீப்பர் அம்மா:

முதலில் கோச்சைப் பிடியுங்கள் சார். என் மகனுக்கு அவர் சொன்னால் வேதவாக்கு, நான் சொன்னால் நச்சரிப்பு. ஃபிஃபா விதியையே அவரிடம் காட்டலாம். 18 வயதுக்குள் நாடு விட்டு நாடு மாற்றுவதற்குப் பொதுவாகத் தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதானவர்களுக்கு விலக்கு கொடுக்கும் இடத்தில், ஆட்டம் நின்றுபோனால் வேறு வேலைக்குப் போகும் அளவுக்குப் படிப்பு தர வேண்டும் என்று கிளப்புக்கு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். மனசு கலைந்துவிடும் என்றால் இத்தாலி வீரர் கியெல்லினியைச் சொல்லுங்கள். யுவென்டஸ் கிளப்பில் ஆடிக்கொண்டே 2017-ல் முதுகலைப் பட்டம் வாங்கியவர்.

கணக்கு வாத்தியார்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரவு வகுப்பு போயாச்சு. இரண்டு காலை கேட்டேன், கோச் ஒன்று கொடுத்தார், வியாழன். கியெல்லினி பேரைச் சொன்னதும் "அவர் டிஃபென்டர், அப்படித்தான் இருப்பார்" என்று சிரித்தார். என்ன அர்த்தமென்று எனக்குப் புரியவில்லை.

பிறந்த மாதம் பார்த்தேன். 26-ல் 13 பேர் முதல் மூன்று மாதத்தில். டிசம்பர்க்காரன் ஒரே ஒருவன். அவனுக்குத்தான் முழங்கால் வலியும். பிசியோவிடம் நானே கூட்டிப்போனேன்.

கோல்கீப்பரிடம் வாதாடவில்லை. பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர், பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவதில் 0.44 செகண்ட் என்று வந்தது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான்.

"அப்ப அடிச்ச பிறகு பார்த்துக் குதிச்சா லேட்டா சார்?"

தெரியவில்லை, கோச்சிடம் கேள் என்றேன். வியாழக்கிழமை ஓரமாக அடித்தால் பந்து எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டுக்கொண்டு வந்தான். பிதாகரஸ் அடுத்த பாடம்.