டொமைன் கம்பெனில பாலிசி வேலையாம், பிள்ளைய அனுப்பலாமா?

கருங்கல் மாமன்:
மக்கா, வெவரம் தெரிஞ்சவிய கொஞ்சம் சொல்லித் தாங்க. எனக்க அக்கா மவ பி.ஏ. எல்.எல்.பி. முடிச்சிட்டு நாரோயில் கோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியராட்டு நின்னா, இப்ப திருவனந்தபுரத்துல வெப்சைட் பேரு, அதான் டொமைன், விக்கிற ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு, லெட்டர்ல அப்யூஸ் அண்ட் பாலிசி அசோசியேட்னு போட்டிருக்கு. அக்காவுக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. அத்தான் சவுதில இருந்து தெனமும் போன் போட்டு கேக்குதாரு, அப்யூஸ்னா கெட்ட வார்த்தைல்லா, அதுல என்ன வேலைன்னு. நம்ம ஊர்ல பொம்பளப் பிள்ளையளுக்கு நர்சு, டீச்சர், பேங்க், போனா ஐ.டி., இத விட்டா சொந்தக்காரங்களுக்கு வேற எதுவும் மண்டைல ஏறாது, உங்களுக்கே தெரியும். இது நெசமாவே ஒரு தொழிலா, பத்து வருஷம் கழிச்சு எங்க கொண்டு போய் விடும், கோடிங் தெரியாத பிள்ளைக்கு சரிப்படுமா? பிள்ளை போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கா.

தோவாளைக்காரி:
மாமா, நான் இந்த ஃபீல்டுல தான் குப்பை கொட்டுதேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

டாட் காம்னு முடியிற எல்லா பேருக்கும் மெயின் ரிஜிஸ்டர் வெரிசைன்ங்கிற அமெரிக்க கம்பெனிகிட்ட இருக்கு, அவங்க ரெஜிஸ்ட்ரி. டாட் இன்னுக்கு டெல்லில நிக்ஸி. இவங்க நம்ம கையில நேரா விக்க மாட்டாங்க, நடுவுல பேர பதிஞ்சு குடுக்கிற ரெஜிஸ்ட்ரார், அவனுக்கு கீழ வாங்கி விக்கிற ரீசெல்லர், கடைசில தான் நம்ம ஆளு. டாட் காம், டாட் ஆர்க் மாதிரி பொதுவான பேருகளுக்கு ரூல் போடுறது ஐகான்னு ஒரு அமைப்பு, 1998ல கலிபோர்னியால லாப நோக்கம் இல்லாம ஆரம்பிச்சது. சர்க்கார் ஆளு, கம்பெனி ஆளு, டெக்னிக்கல் ஆளு, சாதாரண யூசர்னு எல்லாரும் உக்காந்து மாசக்கணக்குல, சிலது வருஷக்கணக்குல மல்லுக்கட்டி தான் ஒரு ரூல் வெளிய வரும். அங்க வேணுங்கறது ஒரு பத்திய திரும்பத் திரும்ப படிச்சு ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கிற ஆளு. சட்டம் படிச்ச பிள்ளைக்கு இத சொல்லியா குடுக்கணும்.

அப்யூஸ் டெஸ்க்னா கெட்ட வார்த்தை இல்ல, அத்தான்கிட்ட சொல்லிருங்க. காலைல லாகின் பண்ணா கம்ப்ளைன்ட் வரிசைல நிக்கும். ஒரு பேங்க் பேர் மாதிரியே ஒரு டொமைன், ஒரு எழுத்து மட்டும் மாறி இருக்கு, உள்ள போனா பாஸ்வேர்டு கேக்கு. மொதல்ல அந்த பேரு என்னைக்கு வாங்கினதுன்னு பாக்கணும். நேத்து ராத்திரி வாங்கினதுன்னா அப்படியே சஸ்பெண்ட். ஆனா பல வருஷமா ஓடுற ஒரு ஸ்கூல் சைட்ட எவனோ ஹேக் பண்ணி ஒரு மூலைல திருட்டு பேஜ் ஒளிச்சு வச்சிருக்கான்னு வைங்க, டொமைன நிறுத்துனா ஸ்கூல் மெயில், அட்மிஷன் ஃபார்ம் எல்லாம் சேந்து படுத்துரும், அதனால ஓனருக்கும், சைட்ட வைக்க சர்வர் குடுத்த ஹோஸ்டிங்காரனுக்கும் எழுதி அந்த பேஜ மட்டும் தூக்க வைக்கணும். 2024 ஏப்ரல் 5ல இருந்து இது ஐகான் ரெஜிஸ்ட்ராரோட போடுற காண்ட்ராக்ட்லயே வந்தாச்சு, ஃபிஷிங் (பாஸ்வேர்டு திருடுற போலி சைட்), மால்வேர் (வைரஸ் மாதிரி கெட்ட புரோகிராம்), பாட்நெட் (திருடன் கைக்கு போன கம்ப்யூட்டர் கூட்டம்), ஃபார்மிங் (சரியான பேர அடிச்சாலும் போலி சைட்டுக்கு திருப்பி விடுறது), இதுக்கெல்லாம் வழி பண்ணிக் குடுக்கிற ஸ்பேம், இதுக்கு சரியான ஆதாரம் கெடச்சா ரெஜிஸ்ட்ரார் கைய கட்டிட்டு இருக்க முடியாது. எந்த ஆதாரம் போதும், எவ்வளவு சீக்கிரம்னு தான் இன்னும் சண்டை. அந்த டெஸ்க்ல உக்காந்து எழும்புனவ பாலிசி மீட்டிங்ல பேசுனா எடுபடும். நேரா கான்ஃபரன்ஸ்ல போய் பேட்ஜ் மாட்டி போட்டோ போடுற கூட்டமும் உண்டு, அவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

பொம்பளைக்கு சரிப்படுமான்னா, இந்த தொழிலே பொம்பளை கையில தான் மாமா இருந்துச்சு. எலிசபெத் ஃபெய்ன்லர்னு ஒரு அம்மா, கெமிஸ்ட்ரி படிச்சவங்க, 1972ல அமெரிக்காவுல எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்துல இந்த வேலைக்கு வந்து 1989 வரை நெட்வொர்க் தகவல் மையத்த பாத்துக்கிட்டாங்க. அந்தக் காலத்துல நெட்டுல ஒரு மெஷினுக்கு பேரு வேணும்னா அந்த ஆபீசுக்கு தான் சொல்லணும், எல்லா பேரும் ஒரே ஃபைல்ல. டாட் காம், டாட் எடு, டாட் கவ்னு வகை பிரிச்சதுலயும் அவங்க டீமுக்கு கை உண்டு. ஐகானுக்கு மொத சேர்மன் எஸ்தர் டைசன், பத்திரிகைல எழுதிட்டு இருந்தவங்க. 2022ல சேர்மன் ஆன த்ரிப்தி சின்ஹா நம்ம இந்திய வம்சாவளி. பிள்ளை போகட்டும்.

வடசேரி வெப் கடை:
அக்கா சொன்னது சரி, நான் கீழ்மட்டத்துல ரீசெல்லர், என் பங்குக்கு ஒண்ணு சொல்லுதேன். ஏத்தமொழி பக்கம் கயிறு ஏவாரம் பண்ற அண்ணாச்சி ஒருத்தர், சைட் செஞ்சு குடுத்த பையன் டொமைன அவனுக்க மெயில்லயே வாங்கி வச்சிட்டு துபாய் போய்ட்டான், ரினியூவல் மெயில் எல்லாம் அவனுக்கு தான் போகு, அவன் பாக்கவே இல்ல, ஒரு நாள் சைட்டும் இல்ல மெயிலும் இல்ல. டாட் காம் எக்ஸ்பயர் ஆனா ரெஜிஸ்ட்ராரப் பொறுத்து கொஞ்ச நாள் பழைய ரேட்டுக்கே எடுக்கலாம், அதுக்கப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதுல எடுக்க காசு நல்லா கறந்துருவான், அதையும் விட்டா 5 நாள் பெண்டிங் டெலீட், பிறகு எவன் வேணும்னாலும் அமுக்கிக்கிடலாம். அண்ணாச்சி ரிடெம்ப்ஷன்ல வந்து என் கடைல நிக்காரு. நான் ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுனேன், அங்க பதில் போட்டது ஒரு பொண்ணு, ஜி.எஸ்.டி. பில்லு, பழைய இன்வாய்ஸ், லெட்டர் பேடு எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்ப சொல்லிச்சு, அந்த பையன்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்க வச்சு, கடைசில பேர அண்ணாச்சிக்க மெயிலுக்கே மாத்தி குடுத்துட்டு. கோடிங் ஒரு வரி கெடையாது, முழுக்க பேப்பர் வேலையும் பொறுமையும் தான். மாமா, உங்க மருமவ பாக்க போறது இந்த மாதிரி வேலை தான்.

மார்த்தாண்டம் தேன்:
எல்லாம் சரி மக்கா, கடைசில அமெரிக்காக்காரன் சொல்றது தானே நடக்கும். நம்ம பிள்ளை போய் ஃபைல் தூக்குறதுக்கு கோர்ட்லயே தூக்கலாம்லா 😀

தக்கலை வக்கீல்:
தேன் அண்ணாச்சி, கோர்ட்ல ஜூனியருக்கு என்ன குடுக்காவன்னு தெரிஞ்சு தான் பேசுதீரா? சரி அத விடும். இன்டர்நெட் பேரு, நம்பர் பட்டியல பாத்துக்கிட அமெரிக்க சர்க்காருக்கும் ஐகானுக்கும் இருந்த காண்ட்ராக்ட் 2016 அக்டோபர் 1ஓட முடிஞ்சு போச்சு. ஐகானும் வெரிசைனும் அங்க தான் இருக்கு, ஒத்துக்கிடுதேன், அதனால அவங்க சட்டத்துக்க நெழல் இல்லாம இல்ல. அதுக்குன்னு நம்மாளு யாரும் போகாம இருந்தா மட்டும் சரியாயிருமா?

மாமா, சட்டப் பக்கமும் நல்ல வழி இருக்கு. டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2004ல சத்யம் இன்ஃபோவே கேஸ்ல சொல்லியாச்சு, சிஃபி பேருக்கு வந்த சண்டை அது. டாட் காம் தகராறுக்கு யூ.டி.ஆர்.பி.ன்னு 1999ல இருந்து ஒரு நடைமுறை, ஜெனீவால இருக்க வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) மாதிரி அமைப்புக விசாரிக்கும், ஒரே ஒரு நடுவர்னா வைப்போல ஃபீஸ் 1,500 டாலர்ல ஆரம்பிக்கும், முழுக்க பேப்பர் மேல தான், நேர்ல நிக்காண்டாம். கெட்ட எண்ணத்தோட வாங்கினான், கெட்ட எண்ணத்தோட பயன்படுத்துதான்னு அதுல ரெண்டையும் நிரூபிக்கணும், நம்ம டாட் இன்னுக்கு நிக்ஸி வச்சிருக்க நடைமுறைல ஏதாவது ஒண்ணு போதும். பிள்ளை டெஸ்க்ல கொஞ்ச காலம் இருந்துட்டு இந்த பக்கம் திரும்பினா எங்கள மாதிரி நாரோயில்ல உக்காந்து வாய்தா வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

கருங்கல் மாமன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி மக்கா. அக்காவுக்கு வாசிச்சு காட்டினேன், அந்த கயிறு அண்ணாச்சி கதை தான் அவளுக்கு பிடிபட்டு. இன்னும் ரெண்டு சந்தேகம். ராத்திரி வேலை இருக்குமா? வெளிநாட்டு மீட்டிங்னா காசு யாரு தருவா? பிள்ளை என்னமோ தமிழ்லயே வெப்சைட் பேரு வைக்கிறது பத்தி வேலை பண்ணணும்னு சொல்லுதா, அப்படி ஒண்ணு இருக்கா?

தோவாளைக்காரி:
ராத்திரி உண்டு மாமா, மறைக்க மாட்டேன். பாலிசி குரூப் எல்லாம் ஜூம் கால் தான், உலகம் பூரா ஆள் இருக்கதால நேரம் நமக்கு தோதா வராது, சிலது ராத்திரி பத்து மணிக்கு மேல இழுக்கும், ஆனா வீட்டுல இருந்தே பேசலாம். டெஸ்க்ல ஷிஃப்ட் இருந்தா கேப் உண்டான்னு சேரும்போதே கேட்டு எழுத்துல வாங்குங்க. ஐகான் மீட்டிங் வருஷத்துக்கு மூணு, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊரு, 2016 நவம்பர்ல ஹைதராபாத்துலயே நடந்துச்சு. ஆன்லைன்ல யாரும் சும்மாவே சேரலாம். நேர்ல போக ஃபெலோஷிப் இருக்கு, கெடச்சா டிக்கெட், ரூம், கைச்செலவு அவங்க பொறுப்பு. அதுக்கு முன்னால பொது கருத்துக்கு விடுற டிராஃப்ட் ஏதாவது ஒண்ண எடுத்து பிள்ளை பேர்ல ஒரு பக்கம் எழுதி அனுப்ப சொல்லுங்க, யாரும் அனுப்பலாம், ஃபெலோஷிப் ஃபார்ம்ல அத காட்டலாம்.

தமிழ் பேரு விஷயம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூணும் தமிழ் எழுத்துலயே இருக்கு, நெறைய பேருக்கு தெரியவே தெரியாது. தெரிஞ்சு வாங்கினவனும் படுத பாடு சொல்லி மாளாது, தமிழ்ல மெயில் ஐ.டி. வச்சா பாதி சைட்டு ஃபார்ம்ல தப்புன்னு செவப்பு கோடு போட்டு திருப்பி அனுப்பிரும். அடுத்தது மோசடி. ஔ-ன்னு ஒரே எழுத்தா அடிச்சாலும் ஒ போட்டு பக்கத்துல ள போட்டாலும் ஸ்கிரீன்ல ஒண்ணு போல தான் தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. நம்ம உ-வும் மலையாளத்து உ-வும் கூட சின்ன ஸ்கிரீன்ல பாத்தா கண்ண ஏமாத்திரும். எந்த எழுத்து எதோட சேரலாம், எது எதுக்கு இரட்டைன்னு ஐகான்ல நியோ பிராமி பேனல்னு ஒண்ணு தமிழ், மலையாளம் உட்பட 9 இந்திய எழுத்துகளுக்கு விதி எழுதிச்சு. களியக்காவிளை தாண்டி பஸ் போர்டு ரெண்டு எழுத்துலயும் வாசிச்சு வளர்ந்த நம்ம குமரிப் பிள்ளையளுக்கு இந்த வேலை நல்லா ஒத்து வரும். 2026 ரவுண்டுல டாட் காம் மாதிரி புதுசா ஒரு முடிவுப் பேரையே கேட்டு ஐகானுக்கு விண்ணப்பம் போட 2,27,000 டாலர், 2012ல 1,85,000 இருந்துச்சு, அவ்வளவு காசு போடுறவன் பாலிசி தெரிஞ்ச ஆள் இல்லாம எறங்க மாட்டான்.

சேரும் முன்ன ஒண்ணு மட்டும் பாருங்க மாமா. அந்த கம்பெனி ஐகான் அங்கீகாரம் உள்ள ரெஜிஸ்ட்ராரா, சும்மா ரீசெல்லரான்னு. லிஸ்ட் ஐகான் சைட்லயே இருக்கு. ரீசெல்லர்னா பாலிசின்னு பேரு மட்டும் இருக்கும், வேலை சேல்ஸ் தான்.

கருங்கல் மாமன்:
பாத்தாச்சு மக்ளே, லிஸ்ட்ல பேரு கெடக்கு. கேப் விஷயம் மெயில் அனுப்பி கேக்க சொல்லியாச்சு.